ஆடத் தகுதி உண்டு, படிக்க வழி இல்லை

படிப்பில் தேறாதவன் பந்தைத் தொடக்கூடாது. அணியே தேறாவிட்டால் அந்தக் கல்லூரி போட்டிக்கே வரக்கூடாது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த இரண்டு வாக்கியங்களும் கூடவே வந்துவிடுகின்றன. கேட்க நியாயமாகத்தான் இருக்கின்றன. பேராசிரியர்கள், தலையங்கம் எழுதுபவர்கள், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய பெற்றோர், முன்னாள் வீரர்கள் பலர், எல்லோரும் சொல்வது இதுதான்: விதியை இறுக்குங்கள், தண்டனையைக் கூட்டுங்கள், பையன் தானாகப் படிப்பான். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நம்பிக்கையின் மேல் விதிக்கு மேல் விதி அடுக்கப்பட்டுவிட்டது. படிப்பை உயிராக நினைப்பவர்கள்தான் இந்த அடுக்கை முதலில் எதிர்க்க வேண்டும் என்பது என் வாதம்.

அங்கே கல்லூரிக் கூடைப்பந்து மாலை நேரப் பொழுதுபோக்கு அல்ல, பெரும் வியாபாரம். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ என்ற சங்கம், மார்ச் மாதத் தொடரின் ஒளிபரப்பு உரிமையை 2010இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்றது. 2016இல் இன்னும் 880 கோடி டாலருக்கு அதை 2032 வரை நீட்டியது. ஆடிய மாணவனுக்கு நெடுங்காலம் ஸ்காலர்ஷிப் மட்டும்தான். 2021 வரை தன் பெயரை வைத்து ஒரு காலணி விளம்பரத்தில்கூட அவன் சம்பாதிக்க முடிந்ததில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குச் சங்கம் சொல்லிவந்த பதில் ஒன்றே: அவனுக்கு நாங்கள் தருவது கல்வி, அதற்கு விலை கிடையாது.

சரி, கல்விதான் கூலி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டிய கடமை கல்லூரிக்கு. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளின் விதிகளை எடுத்துப் பாருங்கள். கல்லூரி கொடுத்ததா என்று அவை கேட்பதில்லை. மாணவன் வாங்கினானா என்று கேட்கின்றன. வாங்காவிட்டால் அவனைத் தண்டிக்கின்றன. என் கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

விதிகளை ஆதரிப்பவர்கள் வழக்கமாகத் தொடங்கும் இடம் கெவின் ராஸின் கதை. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தக் கதையை அவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். கான்சாஸ் சிட்டியைச் சேர்ந்த ராஸ் 1978இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஸ்காலர்ஷிப்பில் சேர்ந்தார். ஏசிடி நுழைவுத் தேர்வில் 36க்கு 9 வாங்கியவர். அவருடன் சேர்ந்த மாணவர்களின் சராசரி 23ஐத் தாண்டியிருந்தது. நான்கு ஆண்டுகள் ஆடினார். 1982இல் வெளியே வந்தபோது அவருடைய மொழித்திறன் தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் அளவுக்குத்தான் இருந்தது. பிறகு சிகாகோவில் மார்வா காலின்ஸ் நடத்திவந்த வெஸ்ட்சைட் பிரிபரேட்டரி பள்ளியில், சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். அந்த நெடிய உருவம் அந்தச் சிறிய வகுப்பறையில் அமர்ந்திருந்ததை நாடே பார்த்தது. தகுதி பார்க்காமல் சேர்த்தால் இப்படித்தான் ஆகும், வாசலிலேயே தடுத்திருக்க வேண்டும் என்றது.

வாசலுக்குள் நடந்ததை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. அந்த நான்கு ஆண்டுகளும் ராஸ் ஆடத் தகுதி பெற்றவராகவே இருந்தார். எப்படி? குறி பார்த்துச் சுடுதல், கூடைப்பந்துக் கோட்பாடு போன்ற பாடங்களில் அவரைச் சேர்த்துத் தகுதியைக் காப்பாற்றினார்கள். பட்டத்துக்கு 128 கிரெடிட் வேண்டும், அவர் சேர்த்தது 96. அந்தக் கிரெடிட்டுகள் அவரைப் பட்டத்துக்கு அருகில் கொண்டுபோகவில்லை, அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுபோயின. படிப்புத் தகுதி விதி ஒன்று அப்போதும் இருந்தது, கிரெய்ட்டன் அதைப் பூர்த்தியும் செய்தது. ராஸ் வழக்குத் தொடுத்தார். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மோசமாகக் கற்பித்ததற்காக ஒரு கல்லூரி மீது பொதுவாக வழக்குப் போட முடியாது என்றது. ஆனால் குறிப்பிட்ட வாக்குறுதியைக் கொடுத்துவிட்டு அவன் படிப்பில் பங்குபெறவே வழிவிடாமல் செய்திருந்தால், அந்த அளவுக்கு விசாரிக்கலாம் என்று ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தது. அந்தச் சிறு கதவை அகலமாக்குவதில் பிந்தைய ஆண்டுகளைச் செலவிட்டிருக்கலாம். செலவிடவில்லை.

அந்தத் தீர்ப்புக்கு முன்பே சங்கம் வேறு வழியில் இறங்கியிருந்தது, 48ஆம் முன்மொழிவோடு. 1983இல் நிறைவேறி 1986இல் நடைமுறைக்கு வந்தது. பள்ளியில் 11 அடிப்படைப் பாடங்களில் 2.0 சராசரி, எஸ்ஏடி தேர்வில் 700 அல்லது ஏசிடி தேர்வில் 15. இல்லாவிட்டால் முதல் ஆண்டு ஆட முடியாது. விதியில் அகப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பின மாணவர்கள். 1989 ஜனவரியில் சங்கம் இன்னும் ஒரு படி ஏறி 42ஆம் முன்மொழிவைக் கொண்டுவந்தது: அந்த மதிப்பெண் இல்லாதவனுக்கு முதல் ஆண்டு ஆட்டம் மட்டுமல்ல, ஸ்காலர்ஷிப்பும் கிடையாது. அதாவது படிப்பில் பின்தங்கியவனுக்குப் படிக்கக் கிடைத்த காசையும் நிறுத்துவது. இதைக் கல்விச் சீர்திருத்தம் என்று அழைத்தார்கள்.

அந்த ஜனவரி 14ஆம் தேதி, பாஸ்டன் கல்லூரிக்கு எதிரான ஆட்டம் தொடங்கும் நேரத்தில், ஜார்ஜ்டவுன் பயிற்சியாளர் ஜான் தாம்சன் தோளில் எப்போதும் போடும் வெள்ளைத் துண்டை உதவிப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டு மைதானத்தை விட்டு நடந்து வெளியேறினார். தாம்சனைப் படிப்பின் எதிரி என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அவரிடம் நான்கு ஆண்டுகள் தங்கி ஆடிய 77 பேரில் 75 பேர் பட்டம் வாங்கியவர்கள். வீரர்களைப் படிக்கவைத்துக் காட்டிய மனிதரே அந்த விதியை எதிர்த்து வெளிநடப்புச் செய்தார் என்பதை இன்றைய விவாதங்களில் யாரும் நினைவுபடுத்துவதில்லை. அதே ஆண்டு ஏப்ரல் மாதம், கூடுதல் நேரத்தில் மூன்று நொடிகள் மீதமிருக்க, இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டு மிச்சிகனுக்குச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த ருமீல் ராபின்சன், 48ஆம் முன்மொழிவால் முதல் ஆண்டு உட்கார வைக்கப்பட்டவர். 42 அப்போதே இருந்திருந்தால் அவருக்கு ஸ்காலர்ஷிப்பே கிடைத்திருக்காது.

ஆர்தர் ஆஷ் எதிர்ப்பக்கம் நின்றார் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. விம்பிள்டன் வென்ற அந்தப் பெருமகன், தரத்தை உயர்த்தினால் நம் பிள்ளைகள் அந்தத் தரத்துக்கு உயர்வார்கள் என்றும், குறைவாக எதிர்பார்ப்பதே அவர்களை அவமதிப்பது என்றும் வாதிட்டார். சமூகவியலாளர் ஹாரி எட்வர்ட்ஸும் 48ஆம் முன்மொழிவை ஆதரித்தவர். இவர்களின் நேர்மையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் நம்பியது, பள்ளி வாசலில் ஒரு செய்தியை எழுதி வைத்தால் பள்ளிக்கூடம் திருந்தும் என்பதை. பணமில்லாத பேட்டைப் பள்ளியில் வேதியியல் ஆய்வுக்கூடம் இல்லாததற்கும், கல்லூரிக்குத் தேவையான அடிப்படைப் பாடங்களே நடத்தப்படாததற்கும் 17 வயதுப் பையனிடம் அபராதம் வாங்கினால் ஆய்வுக்கூடம் எப்படி முளைக்கும்?

அந்தத் தேர்வு மதிப்பெண் எல்லைக்கு என்ன ஆயிற்று? 1999 மார்ச்சில் பிலடெல்பியாவில் நீதிபதி ரொனால்ட் பக்வால்ட்டர், 48க்குப் பின் வந்த 16ஆம் முன்மொழிவின் மதிப்பெண் எல்லை கறுப்பின மாணவர்களைத் தக்க காரணமின்றிப் பாதிக்கிறது என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு டிசம்பரில் மேல்நீதிமன்றம் அதை மாற்றியது. எல்லை நியாயமானது என்பதால் மாற்றவில்லை, அந்தச் சட்டம் என்சிஏஏவுக்குப் பொருந்தாது என்று சொல்லி மாற்றியது. பிறகு 2023 ஜனவரியில் சங்கமே எஸ்ஏடி, ஏசிடி நிபந்தனையைத் தூக்கி எறிந்தது. 1986இலிருந்து 37 ஆண்டுகள். இடையில் அந்த எல்லையில் முட்டித் திரும்பிப் போனவர்களுக்கு யாரும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

வாசல் விதி போதாது என்று 2004இல் உள்விதி வந்தது. கல்வி முன்னேற்ற விகிதம், சுருக்கமாக ஏபிஆர். ஸ்காலர்ஷிப் பெறும் ஒவ்வொரு வீரரும் ஒரு செமஸ்டரில் இரண்டு புள்ளி ஈட்டலாம்: கல்லூரியில் தொடர்ந்தால் ஒன்று, படிப்பில் தகுதி காத்தால் ஒன்று. மொத்தத்தை ஆயிரத்துக்குக் கணக்கிட்டு நான்கு ஆண்டுச் சராசரி எடுப்பார்கள். முதலில் 925 எல்லையாக இருந்தது, 2011இல் 930 ஆக்கி, அதற்குக் கீழே போகும் அணிக்குத் தொடரில் இடமில்லை என்றார்கள்.

இந்தக் கணக்கைக் கூடைப்பந்துக்குப் போட்டுப் பார்த்தால் கோணல் தெரியும். ஓர் அணியில் அப்போது 13 ஸ்காலர்ஷிப். ஆண்டுக்கு 52 புள்ளிகள். படிப்பில் தேறாமல் ஒரு செமஸ்டர் முடிவில் இருவர் விலகிப் போனால் நான்கு புள்ளி போய்விடும். 52க்கு 48, ஆயிரத்துக்கு 923. இரண்டே பேரால் அந்த ஆண்டுக் கணக்கு எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். அதே இருவர் 85 ஸ்காலர்ஷிப் இருந்த அமெரிக்கக் கால்பந்து அணியில் விலகினால் கணக்கு 988. கால்பந்துக் கல்லூரி நன்றாகக் கற்பித்தது என்றும் கூடைப்பந்துக் கல்லூரி கற்பிக்கவில்லை என்றும் இதிலிருந்து எப்படி முடிவு செய்வது?

கனெக்டிகட் பல்கலைக்கழகம் 2011இல் தேசியச் சாம்பியன். அதன் 2009-10 ஆண்டு விகிதம் 826. அடுத்த ஆண்டே 970ஐத் தாண்டியது. ஆனாலும் பழைய சராசரியை வைத்து 2013 தொடரில் ஆடத் தடை. ஷபாஸ் நேப்பியர் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது 2010 இலையுதிர் காலத்தில். கணக்கைக் கெடுத்த அந்த 826 அவர் காலடி வைக்கும் முன்பே எழுதப்பட்ட எண். ரயன் போட்ரைட் அதற்கும் ஓராண்டு கழித்து வந்தவர். புள்ளிகளை இழந்தவர்கள் எங்கோ போய்விட்டார்கள், பயிற்சியாளர் ஜிம் கால்ஹூன் 2012 செப்டம்பரில் ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டை விட்டுப் போனவர்கள் வைத்த கடனை அடுத்து வந்த குடித்தனக்காரரிடம் வசூலிப்பது போன்ற ஏற்பாடு இது. கனெக்டிகட் நிரபராதி என்று நான் சொல்லவே இல்லை. 2013இல் வெளியான கணக்கில் அந்த அணியின் பட்டம் பெற்றோர் விகிதம் 8 சதவீதம், வெட்கக்கேடான எண். குற்றம் அவ்வளவு பெரியது என்பதால்தான் கேட்கிறேன், அதைச் செய்த நிர்வாகத்தை விட்டுவிட்டு நேப்பியரையும் போட்ரைட்டையும் உட்காரவைத்தது எந்த வகை நீதி? தடை வந்ததும் சில வீரர்கள் வெளியேறினார்கள். அலெக்ஸ் ஓரியாக்கி மிசூரிக்குப் போனார், ராஸ்கோ ஸ்மித் லாஸ் வேகாஸுக்குப் போனார். கல்லூரியில் தொடர்ந்து படிப்பதற்குப் புள்ளி கொடுக்கும் விதியே இருந்த மாணவர்களைக் கல்லூரி மாறவைத்தது. தங்கிய நேப்பியர் 2014இல் மீண்டும் கோப்பையைத் தூக்கினார். அதே நாட்களில், பல இரவுகள் பசியோடு படுத்திருக்கிறேன் என்றும் சொன்னார். தேர்வுத்தாளை நான்கு ஆண்டுகள் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்த சங்கத்துக்கு அந்தப் பையனின் தட்டைப் பார்க்கத் தோன்றியிருக்கவில்லை. உணவு விதியைத் தளர்த்தியது அதற்குப் பிறகுதான்.

அந்த ஆண்டு தடைபட்ட ஆண்கள் கூடைப்பந்து அணிகள் பத்து. செய்தித்தாள்கள் கனெக்டிகட்டை மட்டும் எழுதின. மற்ற ஒன்பதில் மிசிசிப்பி வேலி ஸ்டேட், ஆர்கன்சா பைன் பிளஃப், டவ்சன், டொலிடோ போன்ற பெயர்கள் இருந்தன. முதல் இரண்டும், வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின மாணவர்களைச் சேர்க்காத காலத்தில் அவர்களுக்காக எழுந்த கல்லூரிகள். டவ்சன் முந்தைய பருவத்தில் ஓர் ஆட்டம் வென்று 31 தோற்ற அணி. புதிதாக வந்த பிள்ளைகள் அந்தத் தடை ஆண்டில் 18 வென்றார்கள். முந்தையவர்களின் புள்ளிக்காகப் பருவம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஏழைக் கல்லூரிகளே ஆண்டுதோறும் இந்தப் பட்டியலை நிரப்புவது தற்செயல் அல்ல. ஓரிகன் பல்கலைக்கழகத்தில் நைக்கி நிறுவனர் ஃபில் நைட்டின் பணத்தில் 2010இல் விளையாட்டு வீரர்களின் படிப்புக்கென்றே ஒரு கண்ணாடி மாளிகை திறக்கப்பட்டது. பல கோடி டாலர் மதிப்பு. தனிப் படிப்பறைகள், தனி டியூட்டர்கள், தனி ஆலோசகர்கள். பணக்காரக் கல்லூரியில் ஒருவன் ஒரு பாடத்தில் தடுமாறினால் அன்று மாலையே நான்கு பேர் அவன் பக்கத்தில் உட்காருவார்கள், கோடை வகுப்புக்குக் கட்டணம் கட்டுவார்கள். மிசிசிப்பி டெல்டாவின் சிறு கல்லூரியில் ஓர் ஆலோசகர் எல்லா விளையாட்டுகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு இடங்களையும் 930 என்ற ஒரே கோட்டில் நிறுத்தினால் அந்தக் கோடு அளப்பது கல்லூரியின் கஜானாவை. 2019-20 முதல் சங்கம் இன்னொன்றும் செய்கிறது: ஏபிஆர் 985 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, பட்டம் பெறும் விகிதம் 90 சதவீதத்தை எட்டினாலோ கல்லூரிக்குத் தொடர் வருமானத்திலிருந்து கூடுதல் பங்கு. உதவி தேவைப்படும் இடத்துக்குத் தடை, தேவைப்படாத இடத்துக்குப் பரிசு. சவானா ஸ்டேட் கல்லூரியின் முன்னாள் வீரர் 2020 டிசம்பரில் இதைத்தான் இனப் பாகுபாடு என்று சொல்லி நீதிமன்றம் போனார். எனக்கு அந்த வாதத்தில் குறை தெரியவில்லை.

ஆதரவாளர்களின் வலுவான ஆயுதம் பட்டம் பெறும் விகிதம். 2000களின் தொடக்கத்தில் கூடைப்பந்தில் கறுப்பின வீரர்களின் விகிதம் பாதிக்கும் கீழே கிடந்தது, இன்று ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, விதி வேலை செய்கிறது என்கிறார்கள். ஏற்றம் உண்மை, ஒரு பகுதி நல்லதும்கூட. ஆனால் அந்த எண் சங்கமே வகுத்துக்கொண்ட கணக்கு, தகுதியோடு வேறு கல்லூரிக்கு மாறியவர்கள் அதன் வகுக்கும் எண்ணிலிருந்து நீக்கப்படுகிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, கையில் வந்த பட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்பது.

இங்கே 40-60-80 விதியைச் சொல்லியாக வேண்டும். 2003இல் வந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் தேர்ந்தெடுத்த பட்டப்படிப்பில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டு முடிவில் 60, நான்காம் ஆண்டு முடிவில் 80 முடித்திருக்க வேண்டும். படித்துக்கொண்டே போகிறான் என்பதற்கு அடையாளம் என்றார்கள். நடைமுறையில் பாருங்கள். ஒரு பையன் முதலாண்டில் ஏதோ ஒரு துறையில் சேர்க்கப்படுகிறான். இரண்டாம் ஆண்டில் உயிரியல் ஆசிரியர் ஒருவர் அவன் மனதைத் தொடுகிறார். மருத்துவத் துறைக்குப் போகலாமே என்று தோன்றுகிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் மனம் இப்படித் திரும்புவதற்காகத்தான் கல்லூரி என்ற ஒன்றே இருக்கிறது. சாதாரண மாணவன் துறையை மாற்றிக்கொள்வான். இவன் மாற்றினால் எடுத்த பாடங்களில் பாதி புதிய பட்டத்துக்குச் சேராது, சதவீதம் விழும், தகுதி போகும், அணியின் ஏபிஆர் இறங்கும். ஆலோசகர் அன்போடுதான் சொல்வார்: இதிலேயே இரு தம்பி, இது உனக்கு எளிது. பயிற்சி நேரத்தோடு மோதும் ஆய்வுக்கூட வகுப்புகள் முதலிலேயே கழிக்கப்பட்டிருக்கும். அணியில் பாதிப் பேர் ஒரே துறையில் கூடுவது இப்படித்தான். அவன் ஒரு விதியையும் மீறவில்லை, எல்லாப் புள்ளியும் வாங்கினான், பட்டமும் வாங்கினான். படிக்க விரும்பியதைப் படிக்கவில்லை.

அதன் எல்லை எதுவென்று வட கரோலினா காட்டியது. சாப்பல் ஹில் வளாகத்தில் 1993 முதல் 2011 வரை 18 ஆண்டுகள் நடந்த போலி வகுப்புகளை 2014 அக்டோபரில் கென்னத் வைன்ஸ்டைனின் விசாரணை அறிக்கை விரித்து வைத்தது. 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள், இடங்களில் ஏறக்குறைய பாதி விளையாட்டு வீரர்களுக்கு. வகுப்பு நடக்காது, ஆசிரியர் வரமாட்டார், கடைசியில் ஒரு கட்டுரை, அதைத் திருத்தி மதிப்பெண் போட்டவர் துறை அலுவலக மேலாளர். அந்த அம்மையார் ஓய்வு பெற்றபோது, வகுப்புக்குப் போகத் தேவையில்லாத, குறிப்பெடுக்கத் தேவையில்லாத அந்தப் பாடங்கள் இனி இல்லையே என்று கால்பந்துப் பயிற்சியாளர்களுக்கு ஆலோசகர்கள் ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். அந்த ஆண்டுகளில் வட கரோலினா 2005இலும் 2009இலும் கூடைப்பந்துப் பட்டம் வென்றது. ஏபிஆர் தண்டனை ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? போலி வகுப்பு கொடுக்கும் மதிப்பெண்ணும் புள்ளியாகத்தான் விழும். தகுதியை அளந்து தண்டித்தால் தகுதியைத் தயாரிக்கும் பட்டறைகள் எழும். அந்தப் பட்டறைகளில் மிகப் பெரியது அந்நாட்டின் மதிப்புமிக்க அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றிலேயே இருந்தது.

2017 அக்டோபர் 13 அன்று என்சிஏஏவின் குழு தீர்ப்புச் சொன்னது: தங்கள் விதியின் கீழ் மீறல் என்று முடிவு செய்ய இயலவில்லை. அந்த வகுப்புகள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன, ஆகவே வீரர்களுக்கான தனிச் சலுகை ஆகாது; வகுப்பின் தரம் கல்லூரியின் சொந்த விஷயம். போலி வகுப்புகளுக்காகப் பல்கலைக்கழகத்துக்குத் தண்டனை இல்லை. 15 மாதம் கழித்து மிசூரி பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பாருங்கள். ஒரு டியூட்டர் 12 வீரர்களுக்குப் பாட வேலைகளைச் செய்து கொடுத்ததாகத் தானே முன்வந்து ஒப்புக்கொண்டார். கல்லூரியும் மறைக்காமல் ஒத்துழைத்தது. 2019 ஜனவரியில் கால்பந்து, பேஸ்பால், சாஃப்ட்பால் மூன்று அணிகளுக்கும் ஓராண்டுத் தொடர் தடை. மேல்முறையீடும் தள்ளுபடி. ஒப்புக்கொண்டவனுக்குத் தண்டனை, வாதாடியவனுக்கு விடுதலை என்ற பாடத்தை ஒவ்வொரு கல்லூரி வழக்கறிஞரும் அன்று குறித்துக்கொண்டிருப்பார்.

வட கரோலினாவின் முன்னாள் வீரர்கள் இருவர் சங்கத்தின் மீது வழக்குப் போட்டபோது 2015இல் சங்கம் நீதிமன்றத்தில் எடுத்த நிலையைத் தகுதி விதிகளைப் போற்றுகிறவர்கள் ஒரு முறையாவது நிதானமாக யோசிக்க வேண்டும். மாணவர்கள் பெறும் கல்வியின் தரத்தை உறுதிசெய்யும் சட்டக் கடமை தனக்கு இல்லை என்றது சங்கம். மாணவனின் மதிப்பெண்ணைச் சதவீதம் சதவீதமாக அளக்கும் உரிமை உண்டு. அவனுக்குக் கற்பிக்கப்பட்டதா என்று பார்க்கும் கடமை இல்லை. முன்னாள் வீரர்கள் தொடுத்த ஆல்ஸ்டன் வழக்கில் சங்கம் இன்னும் வெளிப்படையாகப் போனது. மடிக்கணினி, மேற்படிப்பு உதவி, ஊதியத்தோடு பயிற்சிப் பணி போன்ற கல்வி சார்ந்த உதவிகளுக்கு வரம்பு வைக்கும் உரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை போராடி, 2021 ஜூனில் 9-0 என்று தோற்றது. கல்விக்காகவே தண்டிக்கிறோம் என்று சொல்பவர்கள் கல்விக்கான உதவிக்குக் கூரை போட இவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள்.

இந்த விதிப் படை எத்தனை மோசடிகளைப் பிடித்தது என்றும் கேட்க வேண்டும். மினசோட்டாவில் பயிற்சியாளர் கிளெம் ஹாஸ்கின்ஸின் அணிக்காக ஏறக்குறைய 400 பாட வேலைகளை எழுதிக் கொடுத்த ஜான் கேங்கல்ஹாஃப், 1999இல் தானே பத்திரிகையாளரிடம் சொன்னார். ஜார்ஜியாவில் வீரர்களுக்குக் கொடுத்த மதிப்பெண் சலுகையை எதிர்த்த ஆசிரியை ஜான் கெம்ப் வேலையிழந்து, 1986இல் ஜூரியின் முன் நின்று வென்றார். வட கரோலினாவில் பேசியவர் மேரி வில்லிங்ஹாம் என்ற படிப்பு ஆலோசகர், தோண்டியது ராலி நகரச் செய்தித்தாள். பிடித்தவர்கள் மனிதர்கள், அதுவும் தங்கள் பிழைப்பைப் பணயம் வைத்து. ஹாஸ்கின்ஸ் 15 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டுதான் விலகினார். அதில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கப் பல்கலைக்கழகம் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. சிராக்யூஸில் பயிற்சியாளர் ஜிம் போஹைம் தண்டனையாக ஒன்பது ஆட்டங்கள் வெளியே இருந்தார், நூறுக்கும் மேற்பட்ட பழைய வெற்றிகள் ஏட்டில் அழிக்கப்பட்டன, பிறகு 2023 வரை அவரே பயிற்சியாளர். அழிக்கப்பட்ட வெற்றியால் எந்த மாணவன் ஒரு பக்கம் கூடுதலாகப் படித்தான்?

தண்டனையே வேண்டாமா என்றால், வேண்டும். சரியான ஆளுக்கு, சரியான குற்றத்துக்கு. அணியின் விகிதம் விழுந்தால் அந்த ஆண்டுக்கான தொடர் வருமானத்தைக் கல்லூரியிடமிருந்து பிடியுங்கள். பிடித்ததை மிசிசிப்பி வேலி போன்ற இடங்களுக்கு ஆலோசகர்களை நியமிக்கக் கொடுங்கள். பயிற்சியாளரின் சம்பளத்தில் கை வையுங்கள், அவர் வேறு கல்லூரிக்குப் போனால் அந்த எண்ணும் அவரோடு போகட்டும். பிள்ளைகளை ஆடவிடுங்கள். டிரேக் குழு என்ற பேராசிரியர் அமைப்பு நெடுங்காலமாகக் கேட்டுவருவதுபோல, வீரர்கள் எந்தெந்தப் பாடங்களில், எந்த ஆசிரியரிடம், என்ன சராசரி வாங்குகிறார்கள் என்பதைப் பெயரில்லாமல் வெளியிடுங்கள். அப்படிச் செய்திருந்தால் சாப்பல் ஹில்லில் 18 ஆண்டுகள் ஓடியது இரண்டே செமஸ்டரில் வெளிச்சத்துக்கு வந்திருக்கும். முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆடாத வழக்கம் 1972 வரை இருந்தது. 1965-66இல் யுசிஎல்ஏவில் நட்சத்திர வீரர் லூ ஆல்சிண்டரே முதலாண்டு அணியில்தான் ஆடினார். எந்த மதிப்பெண்ணும் கேட்காமல் எல்லோருக்கும் ஓராண்டு படிக்க நேரம் கொடுத்த அந்த ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவருவது எந்த எஸ்ஏடி எல்லையைவிடவும் நேர்மையானது. 2024 ஆகஸ்டிலிருந்து, முழு ஸ்காலர்ஷிப் பெற்ற வீரர் பட்டம் முடிக்காமல் போனாலும் பத்தாண்டுகள் வரை திரும்பி வந்து படித்து முடிக்க முதல் பிரிவுக் கல்லூரிகள் பணம் தர வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. அதில் மாணவனுக்குத் தடையும் இல்லை, எல்லைக்கோடும் இல்லை, கல்லூரிக்குக் கடமை இருக்கிறது. கிரெய்ட்டனிடம் ராஸ் கேட்டது ஏறக்குறைய இதைத்தான், 1978இல் அவர் அங்கே சேர்ந்தபோதே எழுதப்பட்டிருக்க வேண்டிய விதி.